டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ்: கண்ணாடியை எடுத்துவிட்டால் எதெல்லாம் மாறும்?

கடையில் புது டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸ் வழியாகவே பார்க்கவைக்கும் கேமரா) கேட்டால், "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார், மிரர்லெஸ் பாருங்க" என்று பதில் வருகிறது. அதே தெருவில் இருக்கும் ஸ்டுடியோவோ நிக்கான் டி750, கேனான் 5டி மார்க் 4 பாடிகளை (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) வைத்து இன்றைக்கும் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறது. "டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்தது" என்று ஒரு கட்சி, "படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் குழப்பம்.

முதலில் நிலவரம். கேனான் கடைசியாக வெளியிட்ட டிஎஸ்எல்ஆர்கள் 1டி எக்ஸ் மார்க் 3-யும் 850டி-யும். இரண்டும் 2020இல் வந்தவை. நிக்கானின் டி780, டி6 இரண்டும் அதே ஆண்டு. சோனி 2021இல் தன் ஏ மவுண்ட் (மவுண்ட் என்றால் லென்ஸ் மாட்டும் அமைப்பு) கேமராக்களை விற்பனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 டிசம்பரில் கேனான் தலைவர் ஃபுஜியோ மிதாராய், ஜப்பானிய நாளிதழான யோமியூரி ஷிம்புனுக்கு அளித்த பேட்டியில், முதல் வரிசை டிஎஸ்எல்ஆர்களில் 1டி எக்ஸ் மார்க் 3தான் கடைசி என்று சொன்னார். இந்த வழியை விடாமல் பிடித்திருக்கும் பெரிய பெயர் பென்டாக்ஸ் மட்டுமே. ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2020இல் மிரர்லெஸ் முதல்முறையாக டிஎஸ்எல்ஆரை முந்தியது. 2024இல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஎஸ்எல்ஆர் சுமார் 10 லட்சம், மிரர்லெஸ் சுமார் 56 லட்சம்.

ஆக, புது டிஎஸ்எல்ஆர் மாடலுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. கையில் இருப்பது ஓடும்வரை ஓடும். மாறுவதா, எப்போது, எந்த வரிசையில் என்பதை முடிவுசெய்ய, பாடிக்குள் என்ன மாறியது என்று தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

கண்ணாடி பார்த்த வேலை

டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் பட்டனை அழுத்தும்போது உள்ளே நடப்பது இது:

1. லென்ஸ் வழியாக வரும் ஒளியை 45 டிகிரி சாய்ந்த கண்ணாடி மேலே திருப்புகிறது. அது ஃபோகஸிங் திரையில் விழுந்து, பென்டாபிரிசம் வழியாகக் கண்ணுக்கு வருகிறது. விலை குறைந்த பாடிகளில் பிரிசத்துக்குப் பதில் கண்ணாடிகளையே அடுக்கியிருப்பார்கள்.
2. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடுருவவிடும். அதன் பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி அந்த ஒளியைக் கீழே திருப்பி, பாடியின் அடித்தளத்தில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது.
3. பட்டனை முழுக்க அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் மேலே மடங்கும். வியூஃபைண்டர் ஒரு கணம் இருளும். ஷட்டர் திறந்து மூடும். படம் பதியும். கண்ணாடி கீழே வரும்.

பார்ப்பதற்கு ஒரு பாதை, ஃபோகஸுக்கு ஒரு பாதை, படத்துக்கு ஒரு பாதை என்று மூன்று தனி வழிகள். படம் பதியும் அந்த நொடிப் பகுதி தவிர மற்ற நேரமெல்லாம் படம் பதியும் சென்சார் கண்ணாடிக்கும் ஷட்டருக்கும் பின்னால் இருட்டில் சும்மா இருக்கும்.

மிரர்லெஸ்ஸில் கண்ணாடியும் இல்லை, பிரிசமும் இல்லை. பார்ப்பது, ஃபோகஸ் பிடிப்பது, ஒளி அளப்பது, படம் பதிவது எல்லாம் ஒரே சென்சாரின் தலையில். கேமரா ஆன் ஆன கணத்திலிருந்து அதற்கு ஓய்வே கிடையாது. ஃபோகஸ் துல்லியமாவதும், பேட்டரி சீக்கிரம் தீர்வதும், மண்டபத்து எல்இடி விளக்கில் கோடு விழுவதும், தூசி ஒட்டுவதும் இந்த ஒரே காரணத்தின் கிளைகள்.

ஃபோகஸ்: எது தீர்ந்தது, எது புதிதாக வந்தது

டிஎஸ்எல்ஆரில் லென்ஸிலிருந்து ஃபோகஸ் சென்சாருக்கு உள்ள தூரமும் படச் சென்சாருக்கு உள்ள தூரமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். குட்டிக் கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு அகலம்) வைத்து 2 மீட்டர் தள்ளி நிற்கும் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 4, 5 செ.மீ.தான். கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதோரம் போய் உட்கார்ந்துகொள்ளும் தொல்லை இதனால் வருவது. அதைச் சரிசெய்யத்தான் ஒவ்வொரு லென்ஸுக்கும் கூட்டல் 20 முதல் கழித்தல் 20 வரை ஃபைன் டியூன் செய்யும் வசதியை மெனுவில் வைத்தார்கள். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் இந்தப் பிசகுக்கு இடமே இல்லை. எஃப் 1.4, எஃப் 1.8 லென்ஸ்களை முழுக்கத் திறந்து எடுப்பவர்களுக்கு, மாறுவதற்கான காரணங்களில் மிக வலுவானது இதுதான். பாடி எடை குறைவதெல்லாம் இதற்குப் பிறகு.

ஃபோகஸ் புள்ளிகளும் நடுவில் குவிந்து கிடக்காது. ஃபிரேமின் ஓரம்வரை பரவியிருக்கும். முகத்தையும் கண்ணையும் கேமராவே தேடிப் பிடிக்கும்.

இனி, கடைக்காரர் சொல்லாத பக்கம்:

1. பெரும்பாலான மிரர்லெஸ் சென்சார்களில் ஃபோகஸ் அளக்கும் புள்ளிகள் நெட்டுக்குத்தான கோடுகளை மட்டுமே நன்றாகப் பிடிக்கும். டிஎஸ்எல்ஆரின் கிராஸ் டைப் புள்ளிகள் இரு திசையிலும் பார்த்தன. கிடைக்கோடாக ஓடும் சேலைக் கரை, படிக்கட்டின் விளிம்பு, ஜன்னல் பட்டை ஆகியவற்றின் மேல் புள்ளியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்து ஃபோகஸைப் பூட்டி, மறுபடி நேராக்கி எடுத்தால் போதும்.

2. பழைய ஃபிளாஷ்களில் இருட்டில் ஃபோகஸுக்கு உதவ ஒரு சிவப்புக் கட்டம் அடிக்குமே, அது மிரர்லெஸ்ஸில் பெரும்பாலும் வேலை செய்யாது. அடித்தளத்தில் இருந்த அந்தத் தனி ஃபோகஸ் சென்சாருக்காகச் செய்யப்பட்ட ஒளி அது. விளக்கை அணைத்துவிட்டு நடக்கும் ரிசப்ஷனில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். பாடியில் இருக்கும் உதவி விளக்கையோ, மங்கலான ஒரு வீடியோ லைட்டையோ நம்ப வேண்டியிருக்கும்.

3. ஹோமப் புகையில் முகத்தேடல் தடுமாறும். நடுவில் புகுந்து போகும் வீடியோகிராஃபர் முகத்தையும் அது விசுவாசமாகப் பின்தொடரும். தாலி கட்டும் நேரத்தில் ஃபிரேம் முழுக்கத் தேடும் மோடை விட்டுவிட்டு, சின்னக் கட்டத்துக்கு மாறி, நகை விளிம்பிலோ நெற்றிப் பொட்டிலோ வைப்பது பத்திரம்.

மவுண்ட்: பையில் இருக்கும் லென்ஸ்களை வைத்தே முடிவெடுங்கள்

லென்ஸ் மாட்டும் உலோக வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத்தை ஃபிளேஞ்ச் தூரம் என்பார்கள். கண்ணாடி மடங்க இடம் வேண்டும் என்பதால் டிஎஸ்எல்ஆரில் இது நீளம்: கேனான் இஎஃப் 44 மி.மீ., நிக்கான் எஃப் 46.5 மி.மீ. கண்ணாடி போனதும் கேனான் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16, சோனி இ 18 மி.மீ. என்று சுருங்கிவிட்டது.

பழைய லென்ஸைப் புதுப் பாடியில் மாட்ட, குறைந்த தூரத்தை ஈடுகட்டும் ஒரு குழாய் போதும். கேனானுக்கு அது 24 மி.மீ., நிக்கானுக்கு 30.5 மி.மீ. இந்த அடாப்டருக்குள் கண்ணாடிச் சில்லு எதுவும் இல்லை, வெறும் காற்றுதான். அதனால் படத்தின் தரம் குறையும் என்ற பயத்துக்கு அடிப்படையே கிடையாது. கெடுவது வேறு இடத்தில்: மலிவான அடாப்டரில் மவுண்ட் ஆடும், மின்முனைகள் விட்டுவிட்டுத் தொடும், நடுவில் பாடி பிழைச் செய்தி காட்டி நிற்கும். சம்பாதிக்கும் கேமராவுக்குக் கம்பெனி அடாப்டரே வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

எதிர்த்திசைக்கு வழியில்லை. ஆர்எஃப், இசட் லென்ஸை வாங்கிவிட்டு, ஒருநாள் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

*கேனான்காரர்களுக்கு.* இஎஃப் மவுண்ட் 1987இல் வந்தபோதே ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். அந்தப் பழைய முடிவின் பலன் இப்போது கிடைக்கிறது. கேனானின் சொந்த இஎஃப் லென்ஸ்கள் மிரர்லெஸ் ஆர் வரிசைப் பாடிகளில் முழு ஆட்டோஃபோகஸோடு ஓடும். பலவற்றில் பழைய பாடியைவிட நன்றாகவே ஃபோகஸ் விழும். சிக்மா, டாம்ரான் லென்ஸ்களில் சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) புதுப்பிப்பு தேவைப்படலாம். வாங்கும் முன் பாடியில் மாட்டிப் பாருங்கள். சின்ன சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸைப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடியில் போட்டால் கேமரா தானாகவே 1.6 மடங்கு வெட்டிவிடும். 20 மெகாபிக்சல் ஆர்6-இல் மிஞ்சுவது 3408 × 2272, அதாவது 7.7 மெகாபிக்சல். 12 × 36 அங்குல ஆல்பத்தில் பாதிப் பக்கத்துக்கு, அதாவது 18 அங்குல அகலத்துக்கு அதை நீட்டினால் அங்குலத்துக்கு 189 புள்ளிதான் வரும். பிரஸ்ஸில் கேட்கும் 300 எங்கே, இது எங்கே. எம்50 போன்ற கேமராக்களின் இஎஃப்-எம் லென்ஸ்களுக்கு ஆர் பாடியில் இடமே இல்லை. அந்த மவுண்டின் ஃபிளேஞ்ச் தூரம் 18 மி.மீ., ஆர்எஃப்பைவிடக் குறைவு. இடையில் அடாப்டர் நுழைய வழியில்லை.

*நிக்கான்காரர்களுக்கு.* இங்கே கவனம் வேண்டும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் 2021இல் வந்த எஃப்டிஇசட் 2-இலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸைக் கழற்றி அதன் உலோக வளையத்தைப் பாருங்கள். ஓரத்தில், ஸ்க்ரூ டிரைவரின் தட்டை நுனி உட்காரும் அளவில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தால், அந்த லென்ஸ் பாடியின் மோட்டாரை நம்பி ஓடுவது. 50 மி.மீ. எஃப் 1.8டி, 85 மி.மீ. எஃப் 1.8டி எல்லாம் இந்த ரகம். இசட் பாடியில் ஒளி அளவீடு வரும், அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) மாற்றலாம், ஃபோகஸ் மட்டும் கையால்தான். லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ இருந்தால் கவலை இல்லை. டி வகை லென்ஸ்களே பையில் அதிகம் என்றால், நிக்கானிலேயே தொடர்வதால் கிடைக்கும் பெரிய லாபம் போய்விடுகிறது. அப்போது மற்ற கம்பெனிகளையும் சமமாக வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

*சோனிக்குத் தாவ நினைப்பவர்களுக்கு.* கேனான் இஎஃப் லென்ஸ்களை சிக்மா எம்சி-11 போன்ற அடாப்டர்களில் சோனியில் மாட்டலாம். போட்டோவுக்கு ஓரளவு ஒப்பேற்றும். வீடியோவில் தொடர் ஃபோகஸுக்கு நம்ப முடியாது. சோனிக்குப் போவதென்றால் லென்ஸ்களையும் மாற்றத் துணிந்தே போக வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது, சிக்மாவும் டாம்ரானும் பல ஆண்டுகளாக இ மவுண்டுக்குச் செய்து குவித்திருக்கும் லென்ஸ் வரிசை. கேனான், ஆர்எஃப் மவுண்டை வெளியாருக்கு நீண்ட நாள் திறக்கவில்லை. 2024இல்தான் சிக்மாவும் டாம்ரானும் அனுமதியோடு ஏபிஎஸ்-சி எனும் சின்ன சென்சார் அளவு லென்ஸ்களை அறிவித்தன. கேனானுக்குப் போகிறவர்கள் பாடி விலையோடு ஆர்எஃப் லென்ஸ் விலைகளையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

எடை பற்றி ஒரு வார்த்தை. பேட்டரி, கார்டோடு டி850 1005 கிராம், இசட் 7 675 கிராம். வித்தியாசம் உண்மைதான். அதில் எஃப்டிஇசட் அடாப்டரையும் பழைய 24-70-ஐயும் மாட்டினால் அந்த லாபத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். எடை நிஜமாகக் குறைவது லென்ஸையும் மாற்றும்போதுதான்: சிக்மாவின் டிஎஸ்எல்ஆர் கால 85 மி.மீ. எஃப் 1.4 ஆர்ட் 1130 கிராம். மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்த 85 மி.மீ. எஃப் 1.4 சுமார் 630 கிராம்.

வியூஃபைண்டர் கறுப்பாகிப் போகும் பிரச்சினை

மிரர்லெஸ்ஸின் வியூஃபைண்டர் ஒரு குட்டித் திரை. படம் எப்படி விழப்போகிறதோ அதையே முன்கூட்டிக் காட்டும். வெயிலிலும் நிழலிலும் மாறிமாறி எடுப்பவர்களுக்குப் பெரிய வசதி. ஸ்டுடியோவில் அதுவே தொல்லை. ஷட்டர் 1/160, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்து ஸ்ட்ரோப் (ஸ்டுடியோ ஃபிளாஷ்) விளக்கில் எடுக்கும்போது, அறையின் சாதாரண வெளிச்சம் அந்த அளவுக்குப் போதாது. ஃபிளாஷ் அடிக்கப்போவது திரைக்குத் தெரியாது. எனவே கும்மிருட்டைக் காட்டும். கேமரா பழுது என்று நினைத்துத் திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

தீர்வு மெனுவில் இருக்கிறது. கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணையுங்கள். சோனியில் லைவ் வியூ டிஸ்ப்ளேயில் செட்டிங் எஃபெக்ட் ஆஃப். நிக்கான் இசட் 6, இசட் 7-இல் அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ ஆஃப். கம்பெனி ஃபிளாஷ் மாட்டினால் பல பாடிகள் தாமாகவே இதைச் செய்துவிடும். தள்ளி இருக்கும் ஃபிளாஷை அடிக்கவைக்கும், நடுவில் ஒரே ஒரு முனை உள்ள சாதாரண டிரிக்கரைக் கேமரா அடையாளம் காணாது. அதற்குக் கையால்தான் மாற்ற வேண்டும். ஸ்டுடியோவுக்கும் வெளிப்புறத்துக்கும் மாறிமாறி ஓடுபவர்கள் இதை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனி மாறினால், ஃபிளாஷின் அளவைக் கேமராவே கணக்கிடும் டிடிஎல் மொழியும் மாறும். கேனானுக்கான டிரிக்கர் சோனியின் மேல் ஷூவில் டிடிஎல்லில் ஓடாது. இந்தச் செலவைப் பட்ஜெட்டில் மறப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, திரையின் வெளிச்சத்தை ஆட்டோவில் விட்டால், இருட்டான மண்டபத்தில் மங்கலான படமும் பளிச்சென்று தெரியும். கம்ப்யூட்டரில் திறந்தால் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) குறைவாக இருக்கும். வெளிச்சத்தைப் பூஜ்யத்தில் நிறுத்தி, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்புங்கள்.

சத்தமில்லாத ஷட்டரும் மண்டபத்து எல்இடியும்

மாறிய முதல் மாதத்தில் வேலையைக் கெடுக்கக்கூடிய விஷயம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மிரர்லெஸ்ஸில் பொதுவாக மூன்று ஷட்டர் முறைகள்:

1. மெக்கானிக்கல். சென்சார் எப்போதும் திறந்தே இருப்பதால், ஷட்டர் திரை முதலில் மூடி, பிறகு திறந்து, மறுபடி மூடிப் படம் எடுக்கும்.
2. எலெக்ட்ரானிக் முதல் திரை. தொடக்கத்தை சென்சாரே பார்த்துக்கொள்ளும், முடிவில் மட்டும் திரை மூடும். அதிர்வு குறைவு. ஆனால் எஃப் 1.4 போன்ற அகலத் திறப்பில் 1/2000-க்கு மேல் போனால், பின்னணியின் மங்கல் வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது போல் விழும்.
3. முழு எலெக்ட்ரானிக். எதுவும் அசையாது, சத்தமே இல்லை. கச்சேரிக்கும் அமைதியான சடங்குகளுக்கும் அருமை.

மூன்றாவதில்தான் சிக்கல். சென்சார் எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் படிப்பதில்லை. மேலிருந்து கீழே, வரிசை வரிசையாகப் படிக்கிறது. சோனி ஏ7 4-இல் இதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 1/15 நொடி, அதாவது 66 மில்லிநொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக ஓடும் விளக்கு நொடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். 66-ஐ 10-ஆல் வகுத்தால் ஆறு, ஏழு. குறைந்த நேர ஷட்டர் வேகத்தில் எடுத்தால், மணமக்கள் முகத்தின் மேல் ஆறேழு இருண்ட பட்டைகள் குறுக்கே ஓடும். எந்த மென்பொருளாலும் முழுதாகத் துடைக்க முடியாத பட்டைகள்.

மெக்கானிக்கல் ஷட்டரின் திரை மொத்த ஃபிரேமையும் 4, 5 மில்லிநொடிக்குள் கடந்துவிடும். ஆகவே பட்டை விழாது. அதிகம் போனால் ஒரு பக்கம் சற்று மங்கலாகும். பட்டையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் எடுக்க விரும்பியே, வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார்களை உருவாக்கினார்கள். நிக்கான் இசட் 9 ஏறக்குறைய 1/270 நொடியில் படித்துவிடுவதால், அதில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சோனி ஏ9 3 இன்னும் ஒருபடி மேலே போய் எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் படிக்கிறது. அந்த விலை கொடுக்க முடியாத மற்ற எல்லோருக்கும் நடைமுறை இது:

1. விளக்கு வெளிச்சத்தில் மெக்கானிக்கலே இயல்பாக இருக்கட்டும். சைலன்ட் மோடைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள், தவறிக் கை பட்டு மாறும் இடத்தில் வைக்காதீர்கள்.
2. சத்தமின்றி எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் நிறுத்துங்கள். அந்த நேரத்துக்குள் விளக்கின் அலை முழுதாக வந்து போவதால் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும்.
3. மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி வால் (சுவர் அளவு எல்இடி திரை) இந்தக் கணக்குக்குள் வராது. அது நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை துடிக்கும். இசட் 8, ஆர்6 மார்க் 2, ஏ7 4 போன்றவற்றில் ஷட்டரைப் பின்ன அளவில் நுணுக்கமாக மாற்றும் வசதி இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே பட்டை மறையும் எண்ணைத் தேடிப் பிடிக்கலாம். மண்டபத்துக்கு மண்டபம் எண் மாறும். அதனால் முகூர்த்தத்துக்கு முன்பே, மேடை காலியாக இருக்கும்போது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.
4. பெரும்பாலான பாடிகளில் முழு எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷ் அடிக்காது. டிரிக்கர் கெட்டுவிட்டது என்று தேடுவதற்கு முன் ஷட்டர் முறையைப் பாருங்கள்.

பேட்டரி, கார்டு, கம்ப்யூட்டர்

சிபா முறையில் அளந்தால் ஒரு சார்ஜில் டி850 1840 படம், டி780 2260 படம், 5டி மார்க் 4 900 படம் தரும். சோனி ஏ7 4 வியூஃபைண்டரில் 520, நிக்கான் இசட் 6 310. உண்மையில் தொடர்ந்து எடுத்தால் இதைவிட நிறையவே கிடைக்கும். மிரர்லெஸ்ஸில் தீர்வது படக் கணக்கில் இல்லை, நேரக் கணக்கில். ஒரு படமும் எடுக்காமல் கழுத்தில் தொங்கினாலும் திரை எரிந்துகொண்டிருந்தால் பேட்டரி இறங்கும். விடிகாலை முகூர்த்தத்திலிருந்து மதியச் சாப்பாடுவரை ஒரு பாடிக்கு மூன்று பேட்டரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய எல்பி-இ6 பேட்டரி ஆர்6-இல் ஓடும். தொடர் ஷாட் வேகம் மட்டும் குறையும்.

கார்டு: வீடியோவுக்கும் நீண்ட தொடர் ஷாட்டுக்கும் வி60, வி90 என்று குறித்த கார்டுகள் வேண்டும். வி90 என்றால் நொடிக்குக் குறைந்தது 90 எம்பி எழுதும் உறுதி. சிஎஃப் எக்ஸ்பிரஸில் இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கிறது: நிக்கான், கேனானுக்கு பி வகை, சோனிக்கு ஏ வகை. ஒன்று மற்றதில் நுழையாது. பழைய சிஎஃப் கார்டுகள் எதற்கும் ஆகாது.

கம்ப்யூட்டர்தான் பலருக்குக் கடைசியில் வெடிக்கும் குண்டு. கேனானின் புது ரா (பதப்படுத்தாத மூலப் படம்) கோப்பு சிஆர்3 வகை. ஒருமுறை பணம் கட்டி வாங்கிய லைட்ரூம் 6 ஆர் வரிசைக் கோப்புகளைத் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரில் மாற்றித் திறக்கலாம். ஒரு கல்யாணத்து மூவாயிரம் படத்துக்கும் அதைச் செய்யப் பொறுமை வேண்டும். வீடியோவில் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்பைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டால் டைம்லைன் நகராது. விலை உயர்ந்த என்விடியா கார்டு இருந்தும் திணறுவதற்குக் காரணம் உண்டு: 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளில் இந்த 4:2:2 வகையை வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி இல்லை. உள் கிராஃபிக்ஸ் உள்ள 11ஆம் தலைமுறைக்குப் பிந்தைய பல இன்டெல் பிராசசர்களில் அது இருக்கிறது. எதுவும் இல்லையென்றால் பிராக்சி (தரம் குறைத்த தற்காலிக நகல்) போட்டு எடிட் செய்வதே வழி.

தூசியும் லேசரும்

லென்ஸைக் கழற்றினால் கண்ணாடியோ ஷட்டரோ மறைக்காமல் சென்சார் நேராகத் தெரியும். பவரை அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும் வசதி ஆர்5, ஆர்6, ஏ7 4 போன்ற பாடிகளில் உண்டு. மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மெல்லிய ஷட்டர் இதழ்களில் விரல் படக் கூடாது. லென்ஸ் மாற்றும்போது பாடியின் வாய் தரையைப் பார்த்திருக்கட்டும். துடைக்க வேண்டி வந்தால் ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ. அகல ஸ்வாப், அழுத்தக் கூடாது, ஏனென்றால் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) உள்ள பாடிகளில் சென்சார் மிதந்துகொண்டிருக்கிறது.

டிஜே மேடையின் லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரப் புள்ளியோ கோடோ விழுந்துவிடலாம். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கண்ணாடி அதைத் தடுத்தது. இப்போது தடுப்பு இல்லை. எடுக்காத நேரத்தில் மூடியைப் போடுங்கள்.

எந்த வரிசையில் மாறுவது

1. ஒரு பாடி, ஒரு கம்பெனி அடாப்டர், இரண்டு கூடுதல் பேட்டரி. இவ்வளவுதான் முதல் செலவு. பழைய டிஎஸ்எல்ஆர் இரண்டாவது பாடியாகத் தொடரட்டும்.
2. இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் ஓட்டும்போது கடிகாரத்தை நொடிவரை ஒன்றாக்குங்கள், வெள்ளைச் சமநிலையைக் கெல்வின் எண்ணில் ஒன்றாக வையுங்கள். தோல் நிறம் இரண்டிலும் வேறாக விழுவது உறுதி. எடிட்டிங்கில் பாடிக்கு ஒன்று என்று தனி பிரீசெட் வேண்டும்.
3. முதலில் மாற்ற வேண்டிய லென்ஸ், அதிகம் கையில் இருப்பது: 24-70 அல்லது 35, 85. பழைய 70-200 அடாப்டரில் நன்றாகவே ஓடும். அது கடைசியில் போனால் போதும்.
4. விற்கும்போது ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்பார்கள். 5டி மார்க் 4, டி750 இரண்டும் 1,50,000-க்கும் டி850 2,00,000-க்கும் சோதிக்கப்பட்டவை. எண்ணிக்கை அந்த அளவை நெருங்கிய பாடிக்குப் பெரிய விலை எதிர்பார்க்க முடியாது. ஓடும்வரை வைத்திருப்பதே லாபம்.

மாற வேண்டாதவர்கள்

ஸ்டுடியோவில் ஸ்ட்ரோப் விளக்கில், எஃப் 8-இல், ஸ்டாண்டில் நிறுத்திப் பொருட்படம் எடுப்பவர், பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர் ஆகியோருக்கு மிரர்லெஸ் தரும் கூடுதல் பயன் மிகக் குறைவு. டி வகை நிக்கான் லென்ஸ்களை வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் எடுப்பவருக்கும் அப்படியே. அவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல விளக்கு வாங்கினால் படத்தில் தெரியும். செகண்ட் ஹேண்டில் இஎஃப் லென்ஸ்கள் மலிந்திருக்கும் இந்த நேரத்தில், 5டி மார்க் 4-க்கு இன்னொரு லென்ஸ் சேர்ப்பதிலும் தவறில்லை. பின்னால் ஆர் பாடி வாங்கினாலும் அது அடாப்டரில் ஓடும்.

மாறியே ஆக வேண்டியவர்கள் வீடியோவும் போட்டோவும் ஒரே பாடியில் எடுப்பவர்கள். டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலேயே நிற்கும். வியூஃபைண்டர் இருண்டுவிடும், அடித்தளத்து ஃபோகஸ் சென்சாருக்கு ஒளி போகாது. 2013இல் கேனான் 70டி-யில் சென்சாரிலேயே ஃபோகஸ் அளக்கும் டூயல் பிக்சல் முறை வந்தது அந்தக் குறையை அடைக்கத்தான். அதாவது, வீடியோ எடுக்கும் ஒவ்வொரு டிஎஸ்எல்ஆரும் அந்த நேரத்தில் மிரர்லெஸ்ஸாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்ணாடியின் எடையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.